பேய் எந்தப் பக்கத்தில்

1991-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மருந்துகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த வருடம் பெட்டி மடிக்கும் மிஷின் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் மூன்று வாரம் இருந்துவிட்டு, வெயிலும் வயிறும் ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்த மேஜையின் டிராயரில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையும் தலைப்புத் தாளும் பொருளடக்கமும் இல்லை. மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயே வெச்சுக்கம்மா. லெட்டர்ல தப்பாவது கொறையும்" என்றார்.

தலைப்புத் தெரியாததால் அதை வீடுகளைப் பற்றிய புத்தகம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பார். எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜன்னல், படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று இரண்டு பக்கம் போகும். பிறகு எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டி அதன் எதிரில் உட்காருவார்கள். அது என்ன சடங்கு என்று பிடிபடவில்லை. சிம்னி என்றால் எனக்குத் தெரிந்தது செங்கல் சூளைப் புகைபோக்கிதான். அதை நடுவீட்டில் வைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பது? படப்பையில் எங்கள் வீட்டிலிருந்து கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் படித்தேன்.

மூன்றாவது கதையின் நடுவில்தான் 'கோஸ்ட்' என்ற சொல் வந்தது. பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படியானால் இதற்கு முன் படித்த இரண்டு கதைகளிலும் பேய் இருந்ததா? எங்கே? திரும்பவும் தொடக்கத்திலிருந்து படித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த பேய்களுக்கு விலாசம் உண்டு. இன்ன கிணறு, இன்னார் மகள், இன்ன வருடம். கோழி கேட்கும், சேலை கேட்கும், கொடுத்தால் போய்விடும். இந்தப் பேய்கள் எதையும் கேட்கவில்லை. வந்தனவா என்பதே சந்தேகமாக இருந்தது.

மிஷின் வந்த மரப்பெட்டியின் பலகைகளை ஷெட்டுக்குப் பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்துதான் பெண்கள் மதியம் சாப்பிடுவோம். ஏழெட்டுப் பேர் இருப்போம். இங்கிலீஷ் பேய்க் கதை என்று தெரிந்ததும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நானும் முதல் கதையைச் சொன்னேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடலோரச் சதுப்பில் ஒரு வீடு எடுக்கிறார். சுவரோரம் இருக்கும் நாற்காலி தினமும் விடிந்ததும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவர் அதைப் பழையபடி வைக்கிறார். வேலைக்காரி தான் தொடவில்லை என்கிறாள். இப்படியே பல நாள் போகிறது. கடைசியில் ஒரு நாள் அவர் அதைத் திருப்பி வைக்காமல் விட்டுவிடுகிறார். அதோடு கதை முடிந்தது. பக்க எண்களைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். ஒரு தாளும் குறையவில்லை.

ஆனால் ஏழு பேர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்க்கும்போது அப்படி முடிக்கத் தைரியம் வரவில்லை. வாத்தியாரின் பெண்டாட்டி அந்தச் சதுப்பில் மூழ்கிச் செத்தவள் என்றும், தலைமுடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். எல்லோருக்கும் திருப்தி. அடுத்த கதை நாளைக்கு என்று எழுந்து போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. பசை போடும் பிரிவில் வேலை செய்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பென்னலூரிலிருந்து வருவதால் எல்லோருக்கும் பென்னலூர் அக்கா. அவர் கணவர் லாரி டிரைவர். நான்கு வருடம் முன்பு வடக்கே லோடு எடுத்துப் போனவர் திரும்பவில்லை. லாரி வந்தது, வேறு ஆள் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"செத்தவ எதுக்கு ஜன்னலாண்ட பாத்துகினு குந்தணும்? அவதான் உள்ளயே வந்துட்டாளே" என்றார். "புக்குல அப்டியா போட்டுக்கீது?"

மறைக்கத் தோன்றவில்லை. "இல்லக்கா. நான் சேத்துகிட்டேன்."

"அப்ப புக்குல இன்னாதான் கீது?"

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"அவ்ளோதான்க்கா. எனக்கே புரியல."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "எனுக்கு ஏதோ புரியற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

நாலைந்து நாள் கழித்து, மற்றவர்கள் போனபின் அவரே பேச்சை எடுத்தார். "எங்க வூட்ல நானும் மாமியாவும் ரெண்டே பேரு. சோத்துக்கு குந்தசொல்லோ மூணு தட்டு இருக்கும். அவரு போனதுலேருந்து அப்டித்தான். பெத்த மனசு, அது வெக்குதுன்னு நான் ஒண்ணும் கேக்கல. நேத்துதான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீதான வெக்கிறன்னுச்சு. புருசன் நெனப்புல வெக்கிறா, நாம எதுக்கு வாயத் தொறக்கணும்னு இத்தினி நாளா சும்மா இருந்துகீது."

இருவரில் ஒருவர் நினைவில்லாமல் வைத்திருக்கலாம். அல்லது அக்கா எனக்கு ஒரு கதை சொல்கிறாரா? நான் இட்டுக்கட்டியதைக் கண்டுபிடித்தவர், பதிலுக்குத் தானும் ஒன்று கட்டிப் பார்க்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லியாக்கா?"

"பயம் இன்னாத்துக்கு, நம்ம வூட்டுத் தட்டுதான. கொழப்பமாத்தான் கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை, பின்பக்கம் சமையலுக்குச் சாய்வாக இறக்கிய சார்ப்பு. மாமியார் குள்ளமாக, நல்ல வாய்த்துடுக்கோடு இருந்தார். "வெள்ளக்காரன் புக்க படிக்கிற பொண்ணு நீதானா? இளைச்சில்ல கீற" என்றார். அக்கா குடத்தோடு அடிபம்புக்குப் போயிருந்தார். மாமியார் கருவாட்டுக் குழம்பை இறக்கிக்கொண்டே, "தட்ட எடுத்தாந்து போடும்மா" என்றார். நான் அலமாரியிலிருந்து எடுத்து வந்து தரையில் வைத்தேன்.

குழம்புச் சட்டியோடு திரும்பிய கிழவி அப்படியே நின்றார். "யாரு வெச்சது?" என்று கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். மூன்று பேருக்கு நான்கு தட்டுகள்.

"நான்தான்" என்றேன். வேறு யாரும் அந்த அறையில் இல்லை. எவர்சில்வர் விளிம்பு கையில் சில்லென்று பட்டது நினைவிருந்தது, எத்தனை எடுத்தேன் என்பது நினைவில்லை. இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருப்பேன் என்று அலமாரியைப் பார்த்தேன். அங்கே இன்னும் இரண்டு இருந்தன.

அக்கா குடத்தோடு உள்ளே வந்தார். தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு கிழவி சிரித்துவிட்டார். "பாத்தியாடி, இந்தப் பொண்ணும் வெச்சிட்சி." அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது. எழுந்ததும் கிழவி நான்கு தட்டுகளையும் கழுவினார்.

அக்கா சொன்ன கதை என் தலையில் புகுந்துகொண்டதால்தான் கை நான்கு எடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். பெரும்பாலான நாட்களில் அந்த விளக்கம் எனக்குப் போதும்.

பஸ் ஏற்றிவிட அக்கா ரோடு வரைக்கும் வந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரியின் டிரைவர் பக்கமும் அவர் கண் போய் வந்தது.

"உன் புக்குல எத்தினி கத கீது?"

"பதினாலு."

"அதுல, செத்தவங்கதான் வராங்களா? உசுரோட எங்கனா கீறவங்க இப்டி வருவாங்களா?"

எல்லாக் கதைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "தெரியலக்கா. எதுலயும் தெளிவா போடல."

அவர் தலையாட்டினார். அது அவருக்கு வருத்தமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதல் மதியக் கதைகளில் நானாக எதையும் சேர்க்கவில்லை. வீடு, மூடுபனி, படிக்கட்டு, யாரோ வந்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவு. "இன்னாடி சப்புன்னு கீது" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசி மூன்று கதைகளைக் கேட்டது அக்கா மட்டும்தான். மெதுவாகச் சொல்லச் சொல்வார். ஜன்னல் எந்தப் பக்கம், கதவுக்குத் தாழ் உள்ளேயா வெளியேயா என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் திரும்பிப் படித்தபோதுதான், முதலில் எனக்கு அலுப்பூட்டிய அந்த ஜன்னல், படிக்கட்டு விவரங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மறைமலை நகரில் வேலை கிடைத்தது. என் கல்யாணத்துக்கு அக்கா பூவும் பொட்டுமாக வந்தார். அதற்கப்புறம் மாமியார் இறந்துபோனார் என்றும், அக்கா காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் அந்த மாதிரிக் கதைகளைத் தேடி வாங்கி, ஒரு அலமாரி நிறையப் படித்துவிட்டேன். உயிரோடு இருப்பவர்களும் இப்படி வருவார்களா என்று ரோட்டோரத்தில் அக்கா கேட்டதற்கு அவற்றில் சிலது ஆம் என்பதுபோல இருக்கும். அதையே இன்னொரு நாள் படித்தால் இல்லை என்பதுபோல இருக்கும்.