ஆறாம் இடத்தில் வந்த முதல் கார்

லிஃப்ட்காரர் தன் ரிமோட் காரை முடுக்கினால் பெருஞ்சாலையில் போகிற லாரிகள் எல்லாம் ஓரங்கட்டி வழிவிடும். அது கிளப்புகிற புழுதி மூன்று தெரு தாண்டிக் கொடியில் காய்கிற துணிகளில் போய்ப் படியும். இதில் முக்கால்வாசி புளுகு. மீதிக் கால்வாசி உண்மை என்னவென்றால், ஒரு முழம்கூட நீளமில்லாத அந்தக் கார் மணல்மேட்டில் எகிறி, காற்றில் கொஞ்சம் யோசித்து, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் படும்படி இறங்கும்போது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயில் இருந்ததை விழுங்க மறந்துபோவார்கள். புழுதியைக் கொஞ்சம் ஊதிச் சொன்னது அதற்காகத்தான்.

வயது ஐம்பத்திரண்டு. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதையும் கையையும் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவர் சேமித்து வைத்திருக்கிறார் என்பது மனைவியின் கட்சி. சாப்பாட்டு மேசையில் பாதியைக் கார் பிடித்துக்கொண்டு எத்தனையோ காலமாயிற்று. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஷாக் அப்சார்பருக்கு ஊற்றுகிற எண்ணெய்ப் புட்டிகள் நெட்டையும் குட்டையுமாய் வரிசை கட்டி நிற்கும். வெயில் நாளைக்குக் கெட்டியான எண்ணெய், குளிர் நாளைக்கு இளக்கமானது. பல்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளிக்குக் காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து நடுவில் கொடுத்து இறுக்கி, பிறகு உருவி எடுப்பார். காகிதம் கிழியாமல், அடையாளம் மட்டும் விழுந்து வெளியே வரவேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போகும்.

"முட்டி வலிக்குதுன்னு மூணு மாசமாச் சொல்றேன்," என்பாள் மனைவி. "என் முட்டி கத்துறது கேக்கல. அந்த ஸ்பிரிங் லேசா முனகினா மட்டும் எப்படித்தான் கேக்குதோ!"

"உன் முட்டிக்கு எண்ணெய் நம்பர் போட்டு விக்கிறானா சொல்லு, வாங்கிட்டு வரேன்."

டைல்ஸ் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில்தான் அவர்கள் சங்கத்தின் ஓடுபாதை. மண்ணும் சரளையும் கொட்டி, பழைய பிளாஸ்டிக் குழாய்களை ஓரமாகப் பதித்து, ஓட்டுகிறவர்கள் ஏறி நிற்க ஒரு பலகை மேடையும் போட்டிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகையும் உண்டு. கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ஆண்டு இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்தவர் பெயர் மட்டும் அதில் வருடவாரியாக எழுதப்படும். இரண்டாவது வந்தவருக்குக் கைகுலுக்கல் மட்டும்.

பத்தொன்பது வருடத்தில் லிஃப்ட்காரர் பதினோரு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். அவருக்குச் சங்கத்தில் வைத்த பெயரே 'ரெண்டு'. "ரெண்டு வந்தாச்சா? அப்ப ஆரம்பிக்கலாம்" என்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொட்டகைக்குள் போய் அந்தப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்.

"ஒரே ஒரு தடவை," என்று அந்த வருடம் மனைவியிடம் சொன்னார். "அதுல என் பேர் ஏறட்டும். மேசையை முழுசா உனக்கு எழுதிக் கொடுத்துடறேன்."

போட்டியில் அவருடைய சொந்தக்காரரும் ஒருவர் இருந்தார்: அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவரை ஆபீசர் என்று கூப்பிடுவார்கள், லிஃப்ட்காரருக்கு அத்தான். மச்சினன் கார் வாங்கியதைப் பார்த்து அதே காரை, அதைவிட ஒருபடி மேலான மோட்டாரோடு வாங்கியவர். ஆனால் திருப்புளியை எந்தப் பக்கம் திருகினால் ஆணி இறுகும் என்பதே அவருக்கு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. "மாப்ள, உன்னுதைப் பாக்கும்போது என்னுதையும் லேசாப் பாத்துடு," என்று கொண்டுவந்து வைத்துவிடுவார். லிஃப்ட்காரருக்கு எதையும் லேசாகப் பார்க்கத் தெரியாது. தன் காருக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்வார். ஓட்டுகிற கையைத்தான் அவரால் டியூன் செய்ய முடியவில்லை.

அந்த ஞாயிறு காலையில் தகுதிச் சுற்றுகள் முடிந்தன. இரண்டு காரும் சேறு பூசிக்கொண்டு வந்தன. மதிய இடைவேளையில் லிஃப்ட்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். ஒவ்வொரு காருக்குள்ளும் நகத்தளவு ஒரு கறுப்புச் சிப் ஒட்டியிருக்கும். ஓடுபாதையின் தொடக்கக் கோட்டுக்கு அடியில் புதைத்திருக்கிற கம்பியைக் கார் தாண்டும்போதெல்லாம் அந்தச் சிப்தான் 'நான் இன்னார்' என்று கணினிக்குச் சொல்லும். இரண்டு சிப்பும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்; வயிற்றில் மட்டும் வேறு வேறு எண். இரண்டையும் கழற்றி, துடைத்து, துணியின்மேல் வைத்தார். அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"சார், ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு சார். உள்ள மூணு பேரு." பேசியது ஒரு கட்டடத்தின் காவலாளி.

"பதறாத. மெயினை ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார். உள்ள ஒரு அம்மா கன்னாபின்னான்னு திட்டுது சார்."

"யாரை?"

"உங்களைத்தான் சார்."

"திட்டட்டும். காத்து நல்லா வருதுன்னு அர்த்தம். நீ மேல மெஷின் ரூமுக்குப் போ. மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கைப்பிடி இருக்கும் பாரு, அது பிரேக்கு. ஒரு ஆளை விட்டு அதை மெதுவா விடச் சொல்லு, நீ சக்கரத்தைச் சுத்து. மெதுவாய்யா! கிணத்துல தண்ணியா இறைக்கிற?"

தொலைபேசி காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. எண்ணெய் ஊற்றியாயிற்று, ஸ்பிரிங் மாட்டியாயிற்று, சிப் இரண்டையும் ஒட்டியாயிற்று, மேல்கூட்டைக் கவிழ்த்துக் கொக்கி போட்டாயிற்று. மூன்று பேரும் பத்திரமாக வெளியே வந்தார்கள். அந்த அம்மாளும் திட்டி முடித்தாள். இறுதிப் போட்டிக்கு மணி அடித்தது.

இந்தப் போட்டியில் எட்டுக் காரும் ஒன்றாகக் கிளம்பாது. ஒன்று போய்ச் சற்று விட்டு இன்னொன்று. அவரவர் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து அவரவருக்குக் கணக்கு. அதனால் தரையில் யார் முன்னால் ஓடுகிறார் என்று பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஓட்டுகிறவருக்கோ தன் காரைத் தவிர மற்றது கண்ணில் படாது. கொட்டகைக்குள் கணினியின்முன் உட்கார்ந்திருக்கிற மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவரோ பாதையைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார்.

இருபது சுற்று. லிஃப்ட்காரர் ஒரு தடவைகூடக் குழாயில் உரசவில்லை. கார் அவர் நினைப்பதற்கு அரை நொடி முன்னதாகவே திரும்பியது. கையில் ரிமோட் இருப்பதே மறந்துபோயிற்று. மேடையிலிருந்து இறங்கியவர் தண்ணீர் குடிக்கிற சாக்குக்கூடச் சொல்லாமல் நேரே கொட்டகை வாசலில் போய் நின்றார்.

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பெயர்களைப் படித்தார்.

"முதல் இடம், நம்ம ஆபீசர்!"

கூட்டம் ஒரு விநாடி திகைத்துவிட்டுக் கை தட்டியது. தட்டியது என்றால் சும்மா இல்லை, தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டாவது யாரோ, மூன்றாவது யாரோ.

"ஆறாவது, நம்ம 'ரெண்டு'."

"ரெண்டு, இனிமே உன்னை ஆறுன்னு கூப்பிடணுமா, இல்ல பழைய பேரே போதுமா?" என்றார் பல் டாக்டர். அவர்தான் சங்கத்தின் செயலாளர். பல்லைப் பிடுங்கும்போதும் இதே சிரிப்புதான்.

முடிவில் ஆட்சேபம் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் சொல்லவேண்டும் என்பது விதி. அந்தப் பத்து நிமிடமும் லிஃப்ட்காரர் காரை மல்லாக்கப் போட்டு ஒவ்வொரு ஸ்பிரிங்காக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் பிழை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்றால் அது தன் கையில்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தே பழகிய மனுஷர். ஒருவகையில் அது சரிதான்.

அன்று சாயங்காலம் வீட்டு மேசையில் மேல்கூட்டைத் திறந்தவர் சிப்பைத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்தது அத்தானுடைய எண்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, உடைஞ்சுபோச்சா?"

"இல்ல. ஜெயிச்சிருக்கேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். முதல் பரிசுக் கோப்பை தொலைக்காட்சிக்கு மேலே, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் நின்றது. அக்கா ஓரமாக நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் பையிலிருந்து சிப்பை எடுத்து அத்தான் முன்னால் வைத்தார். மாற்றி ஒட்டிய கதையைச் சொன்னார். அத்தான் சிப்பைத் தொடவில்லை.

"தெரியும் மாப்ள," என்றார்.

"எப்ப?"

"பேர் படிச்சப்பவே. என் காரு ரெண்டு தடவை குப்புற விழுந்துச்சு. வளைவுல நின்ன ஆளு ஓடிவந்து தூக்கி வெச்சான். விழுந்து எந்திரிச்ச காரு முதல்ல வருமா? அந்தளவுக்குக்கூட எனக்கு மண்டையில இல்லையா?"

"பத்து நிமிஷம் இருந்துச்சே அத்தான்."

"இருந்துச்சு. நீ வந்து கேப்பேன்னுதான் பாத்தேன். நீ ஸ்பிரிங்கை அமுக்கிட்டு இருந்தே."

லிஃப்ட்காரர் சிப்பை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். "இப்பவும் கெட்டுப்போகல. பலகையில இன்னும் எழுதல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா டாக்டர் கேப்பாரு. நான் சொன்னா வயித்தெரிச்சல்ம்பாரு."

அத்தான் கோப்பையைப் பார்த்தார்.

"முப்பத்தி நாலு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன். போயிட்டு வரேன்னு சொன்ன அன்னிக்குக்கூட ஒரு பய தலையை நிமித்திப் பாக்கல. நேத்து தட்டினாங்க பாரு கை, இன்னும் காதுல இருக்கு. உனக்கென்ன, நீ வேலைக்காரன், அடுத்த வருஷம் ஜெயிப்பே. இப்படி ஒரு தப்பு எனக்கு இன்னொரு தடவை நடக்குமா? நான் தரமாட்டேன் மாப்ள."

இஸ்திரிப் பெட்டி ஒரு இடத்திலேயே நின்றது. துணி தீய்கிற வாசனை வந்ததும் மறுபடி நகர்ந்தது. அக்கா டீ போட்டு எடுத்துவந்தபோது தம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பலகையைத் திறந்து காட்டுகிற நாள். குடும்பங்களும் வந்திருந்தன. புதுப் பெயிண்ட் பளபளத்தது. அத்தானின் பெயர் மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்திருந்தது. லிஃப்ட்காரர் வரமாட்டேன் என்றுதான் இருந்தார். வராவிட்டால் பொறாமை என்பார்கள் என்று மனைவி இழுத்து வந்துவிட்டாள்.

எல்லோரும் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருந்துக்கடைக்காரர் ஒரு தாளோடு எழுந்தார். மருந்துச்சீட்டைப் படித்துப் பழகிய கண். எதையும் ஒருதடவையோடு விடாது.

"ஒரு சந்தேகம். சுத்துவாரி நேரத்தை ஃபைல்ல வைக்க எடுத்தேன். இதுல ஆபீசர் பேர்ல இருக்கிற இருபது சுத்தும் முப்பது செகண்டுக்குள்ள. ஆனா அவரு காரு ரெண்டு தடவை கவுந்ததை எல்லாரும் பாத்ததாச் சொல்றீங்க. நம்ம 'ரெண்டு' பேருக்கு நேராத்தான் ஒரு சுத்து அம்பது, இன்னொண்ணு அம்பத்தஞ்சுன்னு இருக்கு. இவரு காரு கவிழவே இல்லையாமே?"

பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. அத்தான் தன் ஷூ நாடாவை ஆராய்ந்தார்.

"சிப்பு மாறியிருக்கு," என்றார் யாரோ.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "மாறியே இருந்தாலும், பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லியிருக்கணும். பலகையும் எழுதியாச்சு. நேரம் தாண்டின முடிவை ஒருதரம் திருத்தினா, பழசெல்லாம் கிளம்பிடும். இருக்கிறது இருக்கட்டும்."

ஆக, அதுவும் போயிற்று. எல்லோருடைய கண்ணும் லிஃப்ட்காரர்மேல். பரிதாபப்படுகிற கண்கள். பதினோரு தடவை கைகுலுக்கியபோது பார்த்த அதே கண்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தார்.

"எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். நான்தான் விட்டுட்டேன். பெரிய மனுஷன், ஒரு தடவை அவர் பேரு ஏறட்டுமேன்னு."

முதலில் பல் டாக்டர் தட்டினார். பிறகு எல்லோரும். போன ஞாயிறு அத்தானுக்குத் தட்டியது இதன் பக்கத்தில் நிற்காது. "அடேயப்பா, இதுதான்யா முதல் இடம்!" என்று ஒருவர் கத்தினார். மருந்துக்கடைக்காரர் தாளை மடித்து வைத்துவிட்டு வந்து கட்டிப்பிடித்தார். கடைசியில் அத்தானும் நிமிர்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஒட்டியும் ஒட்டாமலும் தட்டினார். லிஃப்ட்காரரின் மனைவி மட்டும் கணவரை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கியது. பொய்யென்று தெரிந்தும் அந்தச் சத்தம் உடம்பெல்லாம் இறங்கியது. அத்தான் அன்று ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததற்காக அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

கைதட்டல் ஓயும்வரை அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்ததும் எழுந்தாள்.

"அப்படி இல்லீங்க," என்றாள், யாரையும் பார்க்காமல். "என் தம்பி விட்டுக்கொடுக்கல. திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து, பலகையில எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க அத்தான்னு கேட்டான். இவருதான் தரமாட்டேன்னுட்டாரு. நான் பக்கத்துலயே நின்னேன். நானும் ஒரு வார்த்தை பேசல."