துப்பட்டிக்காரன் கல்லை இறக்கினானா?

தலையில் நாலு பலாப்பழத்தை ஏற்றிக்கொண்டு, திண்ணனூர் நாட்டிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தை வரைக்கும் ஓரிடத்திலும் இறக்காமல் நடந்த பெண் கொல்லிமலையில் ஒருத்திதான். அவள் கண்ணாயி. இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் கண்ணாயிதான். கொஞ்சம் மடக்கிக் கேட்டால், பழம் மூன்று என்பாள். இன்னும் மடக்கினால், மூன்றில் ஒன்று பிஞ்சு என்பாள். கூடவே சுமை தூக்கும் பாப்பாயி பக்கத்தில் இருந்துவிட்டால், வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்ததும் வெளியே வந்துவிடும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. துணிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், பொட்டலம் கட்டும் காகிதத்துக்குக்கூடப் பஞ்சம். சந்தையில் கருவாடும் உப்பும் விற்ற அர்த்தனாரி, எங்கோ பட்டாளக் கூடாரத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட படப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகப் பிடித்து வந்திருந்தான். வாரம் ஒரு கட்டுப் பிரிப்பான். தாள் தாளாகக் கிழித்துக் கருவாட்டைச் சுற்றுவான். அப்படிச் சுற்றி வந்த ஒரு தாளில்தான் கண்ணாயி முதன்முதலாக அவனைப் பார்த்தாள். முதுகில் சிவப்புத் துப்பட்டி தொங்க, ஆகாயத்தில் மீன் மாதிரிக் குப்புற நீந்திக்கொண்டிருந்தான்.

இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது. சுமை தெரியும். அந்தப் புத்தகங்களில் எவனைப் பார்த்தாலும் எதையாவது தூக்கிக்கொண்டிருந்தான். பிறகென்ன?

மலைப்பாதையில் பாதி ஏற்றத்தில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டு வைத்த இரண்டு கல்லின் மேல் படுக்கை வாட்டில் இன்னொரு கல். பிடித்துவிட ஆளில்லாமலே தலைச்சுமையை அதன்மேல் தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். சந்தை கலைந்து ஏறுகிற சனம் முழுக்க அங்கே உட்காரும். கண்ணாயி அந்த வாரத்துத் தாள்களை மடியிலிருந்து எடுத்து விரிப்பாள்.

"இந்தப் பச்சைச் சட்டைக்காரன் கயித்தப் புடிச்சுட்டு ஆடறானே, மேல்முனை எதுல கட்டியிருக்குதுன்னு எங்கயாச்சும் வரைஞ்சிருக்குதா பாருங்க. நம்மூர்ல தேனெடுக்கறவன் இப்புடிக் கயிறு கட்டினா அன்னைக்கே கருமாதிதான்."

"துப்பட்டிக்காரன்?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"அவன் பரவால்லீங்க. ஆனா லாரிய மூலையில புடிச்சுத் தூக்கறான். நடுவுல கையக் குடுக்காம எந்தச் சுமை நிக்கும்? முதுகுல அத்தன நீளத் துப்பட்டி சும்மா தொங்குது. அதச் சுருட்டித் தலைக்குச் சும்மாடு வெச்சா என்னங்கறேன்? ஒரு சொட்டு வேர்வையக் காணோம் பாருங்க. வேர்க்காத ஆள எப்புடி நம்பறது?"

"கோவணத்தக் கால்சட்டைக்கு மேல கட்டறவன் சும்மாட்டுக்கா போவான்?" என்பார் சின்னையன். பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வருஷமாக மிளகு மூட்டை சுமந்து கழுத்து தோளோடு ஒட்டிப்போன மனுஷன். கண்ணாயி எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு முள்ளைப் போடாமல் இருக்கமாட்டார்.

"அவங்க ஊர்ல துணிப்பஞ்சம் இல்லீங்க, சின்னையண்ணா. உள்ளுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணு."

வம்பு வந்தது ஒரு பாறையால். மாசிமாதம் ஒரு சந்தையன்று கிடைத்த தாளில், துப்பட்டிக்காரன் ஓர் ஊருக்கு நேர் மேலே ஆகாயத்தில் நின்றுகொண்டு, ஊரளவு பாறையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஏந்தியிருந்தான். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"கீழ ஊடு வாசலு, சனம். எங்க எறக்குவான்? கூட ஒரு கை குடுக்க ஆளில்ல, சுமைதாங்கியும் இல்ல," என்று வாய்விட்டு யோசித்தாள் கண்ணாயி.

"எறக்கறதாவது? பொத்துன்னு போட்டிருப்பான்," என்றார் சின்னையன்.

சுமைகாரர்களிடம் சொல்லக்கூடாத பேச்சு அது. கால் ஒடிந்தாலும் சுமையைப் பொத்தென்று போடுவதில்லை. போட்டவனை அப்புறம் யாரும் கூட்டுச் சேர்ப்பதில்லை. கண்ணாயிக்குச் சுருக்கென்றது.

"அவன் போட்டிருந்தா, இந்தச் சுமைதாங்கிக்கிட்ட நான் இனிமே படத்தப்பத்தி வாயே தொறக்கறதில்லீங்க."

"எல்லாருங் கேட்டுக்கங்க," என்றார் சின்னையன்.

அடுத்த சந்தையில் அந்தத் தாள் வரவில்லை. அதற்கடுத்த சந்தையில் அர்த்தனாரி புதுக்கட்டுப் பிரித்தான். கண்ணாயி வாங்கிய கருவாட்டுக்கு ஏதோ சோப்பு விளம்பரம் வந்து சேர்ந்தது. உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவள், எதிரே போன ஒருத்தியின் கூடையில் சிவப்புத் துப்பட்டியின் நுனியைப் பார்த்துவிட்டாள். அடிவாரத்தில் கல் உடைக்கப் போகிற ருக்குமணி அவள்.

"ஏனுங்கக்கா, அந்தக் காயிதத்தக் குடுங்க."

"கருவாட்டக் கையிலயா கொண்டு போறது?"

கண்ணாயி இரண்டு பக்கமும் பார்த்தாள். தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து நீட்டினாள்.

"இதுல கட்டிக்கங்க."

"உனக்கென்ன கிறுக்கா, அம்மணி?" என்று கேட்டுக்கொண்டே ருக்குமணி துணியை வாங்கிக்கொண்டாள். துணி கிடைக்காத காலத்தில் யார்தான் விடுவார்கள்?

பாதை ஏறுகிற இடத்தில், கூட வந்த பாப்பாயியை நிறுத்திக்கொண்டு கண்ணாயி தாளை விரித்தாள். தாள் முழுக்க ஒரே படம். நாலு பக்கமும் நீலம், வேறெதுவும் இல்லை. துப்பட்டிக்காரன் தலைகீழாகப் பாய்ந்திருந்தான். இரண்டு கையும் கீழ்நோக்கி நீண்டிருந்தன. கைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் வெறும் நீலம். முதன்முறையாக அவன் நெற்றியில் வேர்வை. அத்தனை நாள் அவள் கேட்ட வேர்வை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"போட்டுட்டான் புள்ள," என்றாள். கண் கலங்கிவிட்டது.

"நாம ரெண்டு பேருதானே பாத்தோம்? மடியில சொருகு. காயிதம் வரலைன்னு சொல்லிரலாம்," என்றாள் பாப்பாயி.

உப்பு மூட்டை வெறுந்தலையில் உட்கார்ந்து உச்சியைத் தின்றது. ஒவ்வோர் அடிக்கும் மூட்டையின் முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. சும்மாடு இல்லாமல் அவன் எப்படித் தூக்கினான்? இந்த வலிதான் கையை விடச் செய்ததா? பாறை வழுக்கியதா? இல்லை, கீழே இருந்த சனம் ஒதுங்கிக்கொண்டதா? பாதி ஏற்றம் வருவதற்குள், தோற்றுப்போன வெட்கத்தைவிட இந்தக் கேள்விகள்தான் அவளை அதிகமாகக் குடைந்தன. மறைத்து வைத்தால் யாரிடம் கேட்பது?

சுமைதாங்கியில் மூட்டையைத் தள்ளினாள். தாளை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி கல்லின்மேல் விரித்தாள்.

"போட்டுட்டானுங்க. நான் வாயத் தொறக்கல. ஏன் போட்டான்னு மட்டும் யாராச்சும் பாத்துச் சொல்லுங்க."

சனம் குனிந்தது. சின்னையன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அவள் வெறுந்தலையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"சும்மாடு எங்க புள்ள?"

"கருவாட்டுக்குப் போச்சுங்க."

அவர் தாளைக் கையில் எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். சுண்டுவிரலால் துப்பட்டிக்காரனின் நெற்றியைத் தொட்டார். அங்கிருந்து தாடை, தாடையிலிருந்து மார்பு என்று சொட்டுச் சொட்டாகத் தொட்டுக்கொண்டே போன விரல் தாளின் மேல்விளிம்பில் போய் நின்றது.

"நானும் நாப்பது வருசமா வேர்த்திருக்கறேன். எனக்கு ஒருநாளும் வேர்வ மேல ஏறுனதில்ல."

யாருக்கும் புரியவில்லை. அவர் தாளைக் கீழ்மேலாகத் திருப்பிக் கல்லில் வைத்தார்.

துப்பட்டிக்காரன் நிமிர்ந்து நின்றான். வேர்வை நெற்றியிலிருந்து மார்புக்கு ஒழுங்காக இறங்கியது. பாறை தலைக்கு மேலே இருந்தது. இரண்டு கையும் அதைப் பார்த்து நீண்டிருந்தன.

"போடலைங்க!" என்று கத்தினாள் பாப்பாயி.

"கை மாத்தறான்," என்றார் சின்னையன், பெரிய மனசு பண்ணினவர் மாதிரி. "ஒரு எம்பு எம்பிவிட்டுப் புடி மாத்தறான். நாம தோள் மாத்தறதில்லியா? கடங்காரன் இன்னும் எறக்கல. அடுத்த சந்தைக்கு அந்த அர்த்தனாரிக்கிட்ட சொல்லி வெய்யி."

கண்ணாயி மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவன் போடமாட்டான்னு எனக்குத் தெரியுமுங்க. அடிவாரத்துல காயிதத்தப் பாத்தப்பவே, இது தலைகீழா இருக்குதுன்னு நான் பாப்பாயிகிட்டச் சொன்னனே!"

பாப்பாயி தன் மூட்டைக்கு முட்டுக் கொடுத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"நீ எங்கக்கா சொன்னே? போட்டுட்டான் புள்ளன்னு அழுதுட்டில்ல வந்தே."