பழைய பாஸ்வேர்டே செல்லும்

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரனுக்கு மெஷின் கொடுக்கும் தொல்லை பாதி, மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கொடுக்கும் தொல்லை மீதி. இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. நாற்பது பேரின் ஃபைல்களும் ஒரே பழைய சர்வரில் இருந்தன. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் வேலை எனக்கு. பழையதில் பாஸ்வேர்டுகள் அரைத்த மாவு மாதிரி இருந்தன. திரும்ப அரிசியாக்கி எடுத்துப்போக முடியாது. ஆகவே அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு தடவை பாஸ்வேர்டு அடித்து உள்ளே போக வேண்டும். அடிக்கும்போதே புதிய சர்வர் அதைத் தன் வழியில் குறித்துக்கொள்ளும். யாரும் எதையும் மாற்ற வேண்டாம், பழைய பாஸ்வேர்டே செல்லும் என்று மேனேஜரிடம் மார்தட்டினேன். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, அந்த மிதப்பு. அவர் சிரிக்கவே இல்லை. "திங்கட்கிழமை ஒரே ஒருத்தர் உள்ள போக முடியலைன்னு வந்து நின்னாலும், உங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

ரகசியம்

பர்ச்சேஸ் பிரிவில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே பாஸ்வேர்டை அடித்தார்கள். ஒருவர் லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாதாம். பாஸ்வேர்டு என்றால் ரகசியமாக இருக்க வேண்டாமா என்று ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தேன். அவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரகசியம்தான் சார். இந்த ஹாலைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது."

மரியாதை

டிஸ்பாட்ச் பார்த்த பாய், பூந்தமல்லிக்காரர், நேர் எதிர். நான் பக்கத்தில் நிற்கும்வரை கீபோர்டில் விரல் வைக்க மாட்டேன் என்றார். சரியென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தேடி அடித்தார். கடைசி எழுத்து எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார்; நானும் சுவரைப் பார்த்தபடியே இடம் சொன்னேன். முடித்ததும் என் தோளைத் தட்டினார். "திரும்பலாம் சார். பாக்காம நின்னுகினு இருந்தீங்க பாருங்க, அதான் மரியாதை."

நாற்பதாவது ஆள்

சனிக்கிழமை மதியம்வரை முப்பத்தொன்பது பேர் முடித்துவிட்டார்கள். பாக்கி, ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தனம். வாரம் முழுக்க லீவிலிருந்து அன்றுதான் வந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். "நீங்களே அடிச்சிடுங்க சார், மாங்காட்டு அம்மன் பேருதான். காமாச்சி" என்றார்.

காமாட்சி என்று இங்கிலீஷில் 'கே, எஸ், ஹெச்' போட்டு அடித்தேன். திறக்கவில்லை. 'டி, சி, ஹெச்' போட்டுப் பார்த்தேன். 'கா'வுக்கு இன்னொரு 'ஏ' கூட்டியும் பார்த்தேன். அம்மன் அசையவில்லை. நானே புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாம்தான், ஆனால் பழையதே செல்லும் என்று சொன்ன வாய் என்னுடையதாயிற்றே. மேனேஜர் வேறு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

தனம் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை நகரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் அடித்தார். அதில் 'டி'யும் இல்லை, 'எஸ்'ஸும் இல்லை. திறந்துகொண்டது. "நான் காமாச்சின்னுதான சார் சொன்னேன். நீங்கதான் அத்த திருத்திக்கினே இருந்தீங்க."

அன்றிலிருந்து எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாலும், செருப்போடு சேர்த்து என் இலக்கணத்தையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.