நீல நூல் அளந்த இரண்டு மணி நேரம்

மலைப்பனியில் ஊறிய தையல் நூலுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. பல்லால் கடித்து அறுத்தால் நாவில் சற்று நேரம் நிற்கும். எனக்குப் பத்து வயதில், இலங்கையில் கந்தப்பளைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்தில், அம்மாவின் தையற்பெட்டியிலிருந்து அப்படியொரு நீல நூலை அறுத்து, சுவரில் தொங்கிய தேசப்படத்தின் மேல் இழுத்துப் பிடித்தேன். ஒரு முனை கொழும்பு விமானத்தளமான இரத்மலானை, மறுமுனை திருச்சி.

அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதைக் கவனிக்கும் "டீமேக்கர்". அம்மா கைக்குழந்தையான தம்பியோடு திருச்சியை அடுத்த துறையூர்ப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் கடுமை என்று அன்று காலை தந்தி வந்திருந்தது. ரயிலும் கப்பலுமாகப் போனால் நாளாகும் என்று அப்பா விமானத்துக்குத் துணிந்தார். நூலைப் படத்தின் அளவுகோலில் வைத்தேன்; ஏறக்குறைய இருநூற்றெண்பது மைல். விமானம் மணிக்கு நூற்றைம்பது மைல் பறக்கும் என்று எங்கோ படித்ததை வைத்து வகுத்து, "ரெண்டு மணி நேரங்கூட ஆகாதுப்பா" என்றேன், பெருமையாக.

பக்கத்தில் நின்ற மூக்கையா கங்காணி அப்பாவிடம், "வாசப்படி தாண்டாம வழிய அளக்காதீங்கய்யா" என்றார். கங்காணிக்கு ஏரோப்ளேனும் மாட்டு வண்டிதான் என்று அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். "நாளை விமானத்தில் வருகிறேன், இரண்டு மணி நேரப் பயணம், காத்திரு" என்று தந்தி போயிற்று. தானே பிள்ளையைத் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தோட்ட மேலாளரான துரையின் கையெழுத்தில்லாமல் தோட்டத்தை விட்டு அசைய முடியாது. துரையோ நுவரெலியாவில் இருந்தார். "துண்டு" என்ற அந்த அனுமதிச் சீட்டு மறுநாள் மாலைதான் கிடைத்தது. கொழும்பில் விசா முத்திரைக்கு ஒரு நாள். அதற்குள் அன்றைய விமானம் போய்விட, அடுத்ததற்கு இன்னொரு நாள். கங்காணி வீட்டில் விடப்பட்டிருந்த நான், விலகாத மூடுபனியைப் பார்த்தபடி, அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் ஏறிய விமானம் மட்டும் நான் சொன்ன நேரத்துக்குள் போய் இறங்கியது.

அங்கே நடந்ததை மாமா பின்னாளில் சொன்னார். "ஒங்கப்பா தந்தி வந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வண்டியப் பூட்டிட்டேன். ஒங்கம்மாதான், அவரு ரெண்டு மணி நேரத்துல வந்துருவாரு, மாட்ட அவுத்துருன்னா." அடுத்த நாளும் பூட்டினார், அடுத்த நாளும் அவிழ்த்தார். புருஷன் காத்திரு என்று சொல்லியனுப்பிய பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வானத்தில் இரைச்சல் கேட்டபோதெல்லாம் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாளாம். அப்பா போய்ச் சேர்ந்தபோது அவனைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

இரண்டு மணி நேரம் என்று கணக்குச் சொன்னது யார் என்று அம்மா கடைசிவரை கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

இரத்மலானையிலிருந்து திருச்சிக்குப் பறந்த அந்த விமானம் இப்போது இல்லை. தலைமன்னார்க் கப்பலும், படம் தொங்கிய அந்த வீடும் இல்லை. போன வாரம் என் மகள் கைக்குழந்தையோடு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டாள். "ஒரு மணி நேரந்தாம்மா" என்றாள். அங்கே யாருக்கும் நேரம் சொல்லாதே, வீட்டு வாசலை மிதித்த பிறகு பேசு என்று அதட்டி அனுப்பினேன். தொலைபேசி ஒலிக்கும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்து சேர்ந்தாயிற்று, குழந்தை தூங்குகிறது என்றாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.