சத்தத்தைக் குறைத்துக் கேட்டவர்

வன்னியில் போர் முடிகிற காலம். கணினி திருத்துவதற்காக மட்டக்களப்பு நாவற்குடாவில் ஓர் ஓய்வுபெற்ற பறங்கி இன ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். மெலிந்த, நரைத்த மனிதர். கணினிப் பாட்டை, ஒலியைத் தெளிவாக்கும் தனிப்பெட்டி ஒன்றின் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டியும் கேபிளும் கணினியைவிட விலை கூடியவை. ஆனால் பாட்டு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அவருடைய விரல் ஒலிக் குமிழை விட்டு அகலவேயில்லை.

“இவ்வளவு செலவழிச்சிட்டு ஏன் சேர் குறைச்சு வெச்சிரிக்கீங்க?” என்று கேட்டேன்.

“கூட்டி வெச்சா கேற்றடியில ஆர் வாறாங்க எண்டு கேக்காதே தம்பி. குறைச்சு வெச்சாலும் பாட்டுத் தெளிவா இரிக்கணும். அதுக்குத்தான் இந்தச் செலவு.”

அப்போது வாசல் கேற்றடியில் ஒரு வேன் வந்து நின்றது. அவர் சட்டென்று பாட்டை நிறுத்தினார். அந்த நாட்களில் இனந்தெரியாதவர்களால் வேனில் ஏற்றப்பட்ட பலர் திரும்பவேயில்லை. எஞ்சின் வெகுநேரம் உறுமிவிட்டு அப்பால் போனது.

அவர் பாட்டை மறுபடி போட்டார். முதலில் கணினியிலிருந்து நேராக, பிறகு பெட்டி வழியாக.

“வித்தியாசம் விளங்குதா தம்பி?”

“ஓம் சேர்,” என்றேன்.

அந்த விலைக்கு அந்தப் பெட்டி தகுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று என் காதுகள் கேற்றடியிலேயே கிடந்தன.