பிரபாகரன் எழுதிய மழை

எங்கள் விஸ்வநத்தம் ஊர்ப் பிரபாகரன் அண்ணன் டிவி சீரியலுக்குக் கதை எழுதுகிறவர். அதில் ஆட்கள் மெஷினில் ஏறிப் பழைய காலத்துக்குப் போவார்கள். ஆனால் நடந்ததை மாற்றக் கூடாது என்பது சீரியலின் விதி. இந்த வாரக் கதை, அவர் அக்கா எழில் இறந்த பட்டாசு ஆலை விபத்து.

"அக்காவ மெஷின்ல ஏத்திக் கூட்டியாந்துருங்கண்ணே" என்றேன்.

"டைரக்டரு வெட்டிருவாருலே."

வெகுநேரம் குழம்பிவிட்டு, விபத்துக்கு முன் மழை பெய்ததாக எழுதினார். இடிமழை வந்தால் ஆலையைப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இதுவும் மாத்துறதுதானண்ணே?"

"யாருலே மாத்துனா? மழைதான பெஞ்சுச்சு?"

எனக்கும் குழம்பியது. அப்போது கதையைப் படித்துவிட்டு டைரக்டர் போனில் கேட்டார்: "அன்னைக்கு நிஜமாவே மழையா?"

அண்ணன் போனை என் பக்கம் நீட்டினார். அந்த வருஷம் நான் பிறக்கவே இல்லை.

"செம மழை சார்!" என்று போனில் கத்தினேன்.