நல்லது என்று சொல்லாமலே போன அந்தோனிசாமி சேர்

அந்தோனிசாமி சேர் காலமான செய்தி வந்தபோது, நான் அவருக்குத்தான் காரமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். திகன பாடசாலை ரிஸானா டீச்சர் தொலைபேசியில் அழைத்து, "சேர் தவறிட்டாங்களாம்" என்றார். எழுதியதை அழிக்க மனம் வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரை அன்பே உருவானவர் என்றார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது பச்சைப் பொய். வத்தேகமவில் கணினி கற்பித்த அந்த மனிதர் வாயைத் திறந்தாலே கேட்பவருக்கு எரியும்.

மாணவர்கள் தமிழிலேயே கட்டளை எழுதிக் கணினி விளையாட்டு உருவாக்க நான் ஒரு நிரல் தொகுப்பு செய்தேன். கண்டியில் ஆசிரியர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டேன். எல்லோரும் அருமை என்றார்கள். பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகும் நேரம் பார்த்து இவர் எழுந்தார்.

"அருமைன்னு சொன்னவங்க யாராச்சும் ஒரு புள்ளய ஒக்கார வச்சுப் பாத்தீங்களா? பொம்மையத் துள்ள வைக்க 'பாய்'னு போட்டிருக்காரு. எங்க புள்ளைங்க படுக்கிற பாயத்தான் தேடும்."

"யாழ்ப்பாணத்தில பாயிறது எண்டுதான் சொல்லுவம், சேர்" என்றேன்.

"அப்ப அங்கயே கொண்டுபோய்க் குடுங்க. இங்க 'குதி'ன்னு போடுங்க."

மண்டபமே சிரித்தது. தொகுப்பு கிடப்பில் போடப்பட்டது. என் உழைப்பையெல்லாம் ஒரு சிரிப்பில் கவிழ்த்துவிட்டார்.

சண்டை பிடிக்கத்தான் அவருடைய வகுப்புக்குப் போனேன். உட்காரக் கதிரைகூடத் தரவில்லை. ஒரு மாணவி என் தொகுப்பில் எதையோ மாற்றித் தட்டிவிட, கட்டளை பிழை என்பதற்கு நான் வைத்த 'தொடரியல் வழு' என்ற அறிவிப்பு திரையில் சிவப்பாக வந்தது. பிள்ளை கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

"மிசின ஒடச்சிட்டோம்னு பயப்படுது. எந்த வரியில என்ன விட்டுப்போச்சுன்னு சொல்லத் தெரியாதா ஒங்க தொகுப்புக்கு?" என்றார்.

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னது சரி என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது.

அதன்பின் அறிவிப்புகளைத் திருத்தித் திருத்தி அவருக்கு அனுப்பினேன். சரியாகச் சாப்பிட உட்காரும் நேரத்தில் குரல் பதிவில் திட்டு வந்துவிடும். கடைசியாக, "அறிவிப்பு நீளம். புள்ள வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மணியடிச்சிரும்" என்றார். அதற்குத்தான் அந்தக் காரமான பதிலை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது தொகுப்பு வேலை முடிந்துவிட்டது. மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பினேன். 'சூப்பர்' என்று உடனே கைதட்டல் படங்கள் வந்தன. திறந்து பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. இந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம். அந்த ஒரு மனிதர் நல்லது என்று சொல்ல வேண்டுமென்றுதான் இத்தனை பாடும் பட்டேன். அதைச் சொல்லாமல் போனதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை.

அவருடைய குரல் பதிவுகளை வைத்திருக்கிறேன். அத்தனையும் திட்டு. அப்படித் திட்டுவதற்கு, நான் எழுதியதை அவர் ஒரு வரி விடாமல் வாசித்திருக்க வேண்டும்.